துடக்குப் பிடித்த டியூப் லைட்

மிஸ்ஸி படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் என் மனைவி முதலில் ரேடியோவை எடுத்து அலுமாரிக்குள் வைப்பாள். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள். மின்விசிறியை மட்டும் ஒளிக்க முடியாது. மிஸ்ஸி கதிரையில் உட்கார்ந்ததும் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பார்.

“சத்தம் ஒண்டு வருதே கா. எப்ப தொட்டு இப்பிடி?”

“அது வெளிக் காத்துச் சத்தம் மிஸ்ஸி” என்று என் மனைவி கூசாமல் பொய் சொல்வாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தாதியை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூடச் சற்று யோசித்துத்தான் வீட்டைக் காட்டுவார். ஆள் கட்டை, குரல் பெரிது. ஹவுஸ்கோட்டின் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். பையில் அது இல்லாவிட்டால் மிஸ்ஸிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

எந்தப் பொருள் பழுதானாலும் அதைப் பிரித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரிப்பார். பக்கத்தில், ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட வளைந்த தட்டு ஒன்றை வைப்பார். திருப்புளியைக் கையில் எடுக்க முன்னர் வீட்டாரிடம் நோய் விசாரிப்பார். முதலில் சத்தம் வந்ததா, மணம் வந்ததா? கடைசியாக யார் தொட்டது? பதில் மழுப்பலாக இருந்தால், “பொய் சொன்னா எனக்கில்ல நட்டம், மெசினுக்குத்தான்” என்பார். பிறகு ஒவ்வோர் ஆணியாகக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே தட்டில் அடுக்குவார்.

ஒருமுறை எங்கள் சோறு காய்ச்சும் குக்கர் திடீரென்று நின்றுவிட்டது. குப்பைக்குப் போட எடுத்து வைத்திருந்ததை மிஸ்ஸி வழியிலேயே மறித்தார். அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே வயர்களுக்கு நடுவில் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. அதைக் குறடால் தூக்கி என் மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்து, “இவர்தான் ஆள். குக்கர் பாவம், அதில ஒரு பிழையும் இல்ல” என்றார். என் மனைவி கூச்சலிட்டுக்கொண்டு குசினியை விட்டே ஓடிவிட்டாள். அந்தக் குக்கரை நானே திரும்பப் பூட்டினேன். அதில் இன்றைக்கும் சோறு காய்ச்சுகிறோம்.

எல்லாம் அப்படி முடிந்ததில்லை. காரணத்தைக் கண்டுபிடித்ததும் மிஸ்ஸியின் ஆர்வம் அடங்கிவிடும். திரும்பப் பூட்டுவது அவருக்குச் சுவையில்லாத வேலை. அவருடைய சொந்தக் கிரைண்டர் பல வருடங்கள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. கேட்டால், “என்ன நோய் எண்டு தெரிஞ்சிட்டுத்தானே. மறுகா ஆறுதலாப் பூட்டுவம்” என்பார். சம்பலை அம்மியில்தான் அரைத்தார்.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். அதுதான் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் படுக்கையிலேயே இறந்துபோனார். கூட்டாளியாக மீன் வாடி நடத்தியவன் செய்வினை செய்துவிட்டான் என்று சகோதரர்கள் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்கள். மிஸ்ஸி சாவீட்டுக்கு வந்து, ஒரு பாட்டம் அழுதுவிட்டு, நேரே அறைக்குள் போய் மெத்தையைத் தூக்கினார். இறந்தவர் விழுங்காமல் ஒளித்து வைத்த பிரஷர் குளிசைகள் அட்டை அட்டையாகக் கிடந்தன. “செய்வினை இஞ்ச கிடக்கு” என்று வெளியே கொண்டுவந்து காட்டினார். கத்தி திரும்பவும் சமையலறைக்குப் போனது. ஆனால் அந்த விதவை ஒரு வருடம் மிஸ்ஸியோடு பேசவில்லை. நானும், படித்த மனிசி சாவீட்டில் இப்படி நடக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். ஓர் உயிர் தப்பியதை நான் அன்றைக்கு எண்ணிப் பார்க்கவில்லை.

மிஸ்ஸி இறந்து சில வருடங்களாகின்றன. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பது எங்கள் கோயில் மண்டபத்தில் அவர் டியூப் லைட்டைப் பிரித்த அந்தப் பொழுதுதான். அதைச் சொல்வதானால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு அப்போது நான் வண்ணக்கர். தாய்வழிக் குடிக்கு ஒருவராகத் தெரிவாகும் வண்ணக்கர்மார்தான் எங்கள் பக்கத்துக் கோயில்களின் நிர்வாகத்தை நடத்துவது. நான் பாடசாலை அதிபராக இருந்து இளைப்பாறியவன், பௌதிகம் படித்த பட்டதாரி. அதனால் என் பேச்சுக்கு மறுபேச்சு இருக்கவில்லை. வைகாசிச் சடங்குக்கு முன்னர் வெளி மண்டபத்தின் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. டியூப்புகள் போடுவதென்று தீர்மானித்தோம். ஒவ்வொரு டியூப்பும் ஒரு குடும்பத்தின் உபயம். உபயம் என்றால் பெயர் வேண்டும். டியூப்பின் மேலேயே சிவப்பு மையால் பெயர் எழுதுவது எங்கள் வழக்கம். வெளிச்சத்தில் ஒரு பங்கு அந்தப் பெயருக்குள்ளேயே போய்விடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. நானும் என் அப்பாவின் பெயரில் ஒன்று கொடுத்திருந்தேன்.

வயரிங் செய்தவன் என்னிடம் படித்தவன். நல்ல வேலைக்காரன். வேலை முடிந்த நாள் அவனுடைய மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பின்னேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டு, போட்டிருந்த சேர்ட்டோடு கோயிலுக்கு வந்து சுவிட்சைப் போட்டுக் காட்டினான். மண்டபம் முழுதும் பால் ஊற்றியதுபோல் வெளிச்சம். பார்த்தது நான் ஒருவன்தான்.

“பொம்புளப் புள்ள சேர்” என்றான். அவன் முகத்திலும் வெளிச்சம்.

மறுநாள் கதவு திறக்கும் நாள். வருடம் முழுதும் பூட்டியிருக்கும் அம்மன் வாசலை அன்று பொழுதுபட்டதும் திறப்பார்கள். மத்தியானம் நான் தனியே மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். வெளி வாசலால் வருகிறவர்களுக்கு என் அப்பாவின் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. வேறு சிலருடைய பெயர்களும் அப்படித்தான் இருந்திருக்கும். என் கண்ணில் பட்டது அப்பாவின் பெயர் மட்டும். ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, டியூப்பைக் கழற்றி, இந்த முனையை அந்தப் பக்கமாக மாற்றிப் பூட்டினேன். பழைய டியூப்புகளை இப்படி எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறேன். கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தேன். அப்பா நேராக இருந்தார். திருப்தியோடு சாப்பிடப் போனேன்.

பொழுதுபட்டது. பறை முழங்கியது. பூசை செய்யும் கட்டாடியார் வாசல் கதவில் கைவைத்தார். மண்டபத்துச் சுவிட்சைப் போட்டார்கள். டக் என்று ஒரு சத்தம். கோயில் முழுதும் இருண்டது. திரும்பத் திரும்பப் போட்டார்கள். திரும்பத் திரும்ப விழுந்தது. அம்மன் கதவு தீப்பந்த வெளிச்சத்தில் திறந்தது. கூட்டம் குசுகுசுத்தது. அந்தக் குசுகுசுப்புக்குள்ளிருந்து ஒரு சொல் மேலெழுந்து வந்தது: துடக்கு.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த வீட்டார் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அவன் பிள்ளையைப் பார்த்த கையோடு மண்டபத்துக்கு வந்து போனதை யாரோ கண்டிருக்கிறார்கள். அம்மன் கோபித்துக்கொண்டாள் என்றார்கள். பிறந்த பிள்ளையின் பலன் சரியில்லை என்றார்கள். விடிவதற்குள் அந்தப் பிள்ளைக்கு, ஊருக்கே வெளிச்சத்தை நிறுத்திய பிள்ளை என்று பெயராகிவிட்டது. காலையில் இரண்டு வீட்டார் வேலைக்கு வரவேண்டாமென்று அவனுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

துடக்கு என்று நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. ‘வயரிங்கில்தான் பிழை’ என்று மட்டும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். முதல் நாள் எல்லா லைட்டும் எரிந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, இடையில் யார் தொட்டது என்பதாக இருக்கும்.

மறுநாள் பின்னேரம் மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். அவனைக் கோயில் வேலையிலிருந்து நிரந்தரமாக விலக்குவது, அவன் செலவில் பரிகாரம் செய்விப்பது, இரண்டையும் தீர்மானிப்பதாக இருந்தது. துடக்குக்காரனை உள்ளே விடமாட்டோம் என்று மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். மெயின் சுவிட்ச் விழுந்தபடி கிடந்ததால் மைக்கும் இல்லை.

அப்போதுதான் மிஸ்ஸி வந்தார். ஒரு கையில் வளைந்த தட்டு, மற்றக் கையில் மடித்த வெள்ளைத் துணி. என் முன்னாலிருந்த மேசையில் கிடந்த வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கிவிட்டுத் துணியை விரித்தார்.

“தம்பி, உள்ளுக்கு வா” என்றார்.

“மிஸ்ஸி, அவன் துடக்கு” என்றார் மற்றக் குடி வண்ணக்கர். “இது ஆஸ்பத்திரி இல்ல.”

“தெரியும் அண்ணன். ஆஸ்பத்திரி எண்டா உங்களத்தான் முதல்ல வெளிய அனுப்பியிருப்பன்.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

“துடக்கில லைட்டு நிண்டதெண்டு சொல்றீங்க. சரி. அந்தத் துடக்கு எங்க கிடக்கெண்டு பிரிச்சுப் பாப்பம். கிடந்தா நானே அவனக் கையப் பிடிச்சு வெளிய கொண்டுபோய் விடுறன். கிடக்காட்டி?”

கட்டாடியார்தான், “வரட்டும். அம்மாள் பாத்துக்கொள்ளுவாள்” என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான்.

மிஸ்ஸி ஒரு பிளாஸ்டர் சுருளை அவனிடம் கொடுத்தார். ஒவ்வொரு டியூப்பையும் கழற்ற முன்னர், வெளி வாசல் பக்க முனையில் ஒரு துண்டு ஒட்ட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக, இருந்தபடியே பூட்டிச் சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

“எப்பிடிக் கிடந்ததோ அப்பிடியே போடு. நோயாளிய மாத்திப் படுக்க வைக்காத.”

டியூப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்றும் எரிந்தது. கடைசியில் என் அப்பா ஏறினார். டக்.

“பாத்தீங்களா? அதிலதான் துடக்கு இறங்கிக் கிடக்கு” என்றார் மற்ற வண்ணக்கர்.

“நல்ல துடக்கு அண்ணன் இது. அத்தனை பேரயும் விட்டிட்டு வண்ணக்கர்ட அப்பாவ மட்டும் தேடிப் பிடிச்சிருக்கு.” மிஸ்ஸி கையை நீட்டினார். “கழட்டித் தா.”

கூட்டம் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்தது. நான் கதிரையிலேயே இருந்தேன். எனக்கு மிக அருகில், கைக்கெட்டும் தூரத்தில் அது நடந்தது. இரண்டு முனை மூடிகளின் ஆணிகளையும் கழற்றித் தட்டில் வைத்தார். பால் நிற மூடி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்பாவின் பெயர் அந்த மூடியோடு தனியே ஒரு பக்கம் போய்க் கிடந்தது. உள்ளே கண்ணாடிக் குழாய் இல்லை, புகை இல்லை, சுருள் கம்பி இல்லை. ஒரு நீள அலுமினியத் தகடு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய பட்டை, பட்டை நெடுக மஞ்சள் பொட்டுகள்.

“இவ்வளவுதானா?” என்றார் யாரோ ஏமாற்றத்தோடு.

“உங்கட உள்ளயும் இவ்வளவுதான். நான் பாத்திருக்கன்” என்றார் மிஸ்ஸி.

பிறகு ஒரு முனையைத் திருப்புளியால் தொட்டுக் காட்டினார். விரல் நீளச் சுற்றுப்பலகை ஒன்று அங்கே இருந்தது. “இவர்ட உயிர் முழுக்க இந்தப் பக்கம். கரண்ட் போறதும் இந்தப் பக்கத்தால மட்டும்தான்.” மற்ற முனையைத் தூக்கினார். அதற்குள் வெறுமை. வெளியே நீட்டிய இரண்டு கால்களையும் ஒரு சின்னக் கம்பி உள்ளே சேர்த்துக் கட்டியிருந்தது. “இஞ்சால ஒண்டுமில்ல. சும்மா பிடிச்சு நிக்கிறதுக்கு. தம்பி, நீ வயர் எங்க குடுத்த?”

“ரெண்டு வயரும் ஒரு பக்கத்துக்குத்தான் மிஸ்ஸி. அம்மன் வாசல் பக்கம். மற்றப் பக்கம் வயரே இல்ல. இந்த டியூப்புக்கு அப்பிடித்தான் குடுக்கிற.”

“அப்ப, இந்தக் கட்டின காலக் கொண்டுபோய் வயர்ப் பக்கம் போட்டா?”

“ரெண்டு வயரும் ஒண்டோடொண்டு முட்டும். ட்ரிப் சுவிட்ச் விழும்.”

மிஸ்ஸி மற்ற டியூப்புகளில் ஒன்றையும் மேலேயிருந்து கழற்றுவித்து வாங்கி என் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் பிளாஸ்டர் வெறும் முனையில் இருந்தது. அப்பாவில் உயிருள்ள முனையில் இருந்தது. சிறு பிள்ளைக்கும் விளங்கியது. ஒரு டியூப் மட்டும் மாறிக் கிடந்திருக்கிறது.

“டியூப்பில நோயில்ல. வயரில நோயில்ல. ஆரோ திருப்பிப் போட்டிருக்கு.”

“அவனேதான் போட்டிருப்பான். புள்ள பிறந்த அவசரம்” என்றார் மற்ற வண்ணக்கர். கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள்.

“முதல் நாள் எல்லாம் எரிஞ்சதே” என்றான் அவன். “நான் போட்டுக் காட்டின நான். சேர் பாத்தவர்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ்ஸி பார்க்கவில்லை. அவர் டியூப்பைத் திரும்பப் பூட்டத் தொடங்கியிருந்தார். ஊரில் ஒருவரும் அவர் எதையும் திரும்பப் பூட்டிக் கண்டதில்லை. விரல்கள் நிதானமாக, எடுத்த ஒழுங்குக்கு எதிர் ஒழுங்கில் தட்டுக்குப் போய் வந்தன. என் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகக் காத்திருப்பவராக அவர் தெரியவில்லை. வராவிட்டாலும் தன் வேலை நிற்காது என்பதுபோல் இருந்தது. அந்த அலட்சியம்தான் என்னைப் பேசவைத்தது என்று நினைக்கிறேன். என் நேர்மை என்று அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

“எரிஞ்சது. நான் பாத்தனான்” என்றேன். “அடுத்த நாள் மத்தியானம் திருப்பினது நான்தான். அப்பாட பேர் தலைகீழாத் தெரிஞ்சது.”

வெளியே வாவிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருவருடைய முகமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதற்காக நன்றியோடு இருந்தேன்.

மிஸ்ஸி கடைசி ஆணியை முறுக்கினார். “தம்பி, ஏறு.”

அவன் ஏறினான். உயிருள்ள முனை வயர்ப் பக்கம், அப்பாவின் பெயர் தலைகீழ். எல்லா டியூப்புகளும் மேலே போய்விட்டன.

“சுவிட்சப் போடுங்க சேர்” என்றார் மிஸ்ஸி.

போய்ப் போட்டேன். மண்டபம் ஒரே அடியாக வெளிச்சத்தில் குளித்தது. ஒரு கணம் எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து குரவை எழுந்தது. ஒருவர் தொடங்க, இன்னொருவர் பிடிக்க, கூரை அதிரக் குரவை. பறைக்காரர் கேளாமலே அடிக்கத் தொடங்கினார். யாரோ அவனைத் தூக்கப் போய், ஏணியோடு சேர்த்துத் தூக்கினார்கள். “மிஸ்ஸி பூட்டிட்டா! மிஸ்ஸி பூட்டி எரியுது!” என்று பின்வரிசையில் கத்தினார்கள். மற்ற வண்ணக்கர் அண்ணாந்து பார்த்து, “நல்ல வெளிச்சம்தான்” என்று ஒப்புக்கொண்டார். மிஸ்ஸி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சத்திரசிகிச்சை முடித்த டாக்டரைப் போல் நின்றார். அவ்வளவு கர்வமான, அவ்வளவு அழகான ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

மெல்ல நழுவி வாசல் பக்கம் போகப் பார்த்தேன்.

“சேர், மைக்கு வேலை செய்யுது இப்ப” என்றார் மிஸ்ஸி. “அதில சொல்லுங்க.”

“எல்லாருக்கும் கேட்டிட்டுத்தானே மிஸ்ஸி. பெரிய மனிசன், விடுங்க” என்றார் கட்டாடியார்.

“இஞ்ச இருக்கிறவங்களுக்குக் கேட்டிது. பெத்தவள இண்டைக்குக் காலமதான் வீட்ட கொண்டந்தவங்க. அறைக்குள்ள கிடக்கிறாள். முப்பத்தொண்டு கழியாம அவள் இஞ்சால வரமாட்டாள். ஊரே சேந்து அவள்ட புள்ளைக்குச் சொன்னதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கு. இதுவும் கேக்கட்டும்.”

ஒலிபெருக்கிக் குழாய்கள் மண்டபக் கூரையில் நான்கு திசையும் பார்த்துக்கொண்டிருந்தன. பூசை அறிவித்தல்கள் வாவிக்கு அக்கரை வரை கேட்கும். நான் மைக்கின் முன்னால் போய் நின்றேன். நாற்பது வருடம் மாணவர்களுக்கு முன்னால் பேசிய நான் மைக்கை இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன்.

“பிள்ள, நான் அதிபர் சேர் கதைக்கிறன்” என்றேன். என் குரல் எனக்கே வெளியிலிருந்து திரும்பி வந்தது. “லைட்டு நிண்டதுக்கு உன்ட புருசன் காரணமில்ல. உன்ட புள்ளையும் காரணமில்ல. நான்தான் டியூப்ப மாத்திப் போட்டன். தெரிஞ்சும் பேசாம இருந்தன்.”

சொல்லி முடித்ததும் மிஸ்ஸியைப் பார்த்தேன். அவர் காதைச் சாய்த்து அந்த வீட்டுத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்காச் சொல்லுங்க சேர்” என்றார். “புள்ள அழுதிருந்தா அவளுக்கு விளங்கியிருக்காது.”

இன்னொரு தடவை, முன்னையதைவிடப் பலமாகச் சொன்னேன்.